வெர்னா டைப் செய்யாத ஒன்றரைப் பக்கம்

வெர்னா டோலெஃப்சன் வாழ்க்கையில் இரண்டு பொய் சொன்னதாக எனக்குத் தெரியும். இரண்டையும் அவளே என்னிடம் சொன்னாள்.

எங்கள் கால்டர் ஊர் மாவட்ட நீதிமன்றத்தில் இருபத்தொன்பது வருஷம் சுருக்கெழுத்து எழுதியவள். நான் 1961-இல் அங்கே பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். உயரம், ஒல்லி, எந்நேரமும் சாம்பல் நிறப் பாவாடை. டோலெஃப்சன் பண்ணையில் பால் கறந்து வளர்ந்த பெண், பள்ளிக்கூடத்துச் சுருக்கெழுத்துப் போட்டியில் மாநிலத்திலேயே இரண்டாவதாக வந்து, அதை வைத்தே பண்ணையை விட்டு வெளியேறினாள். எத்தனை வேகமாகப் பேசினாலும் அவள் பேனா விடாது. அவள் எழுத்தை வேறு யாராலும் படிக்கவும் முடியாது. வக்கீல்களுக்குள் தகராறு வந்தால் நீதிபதி கையை உயர்த்தி, "வெர்னா என்ன எழுதியிருக்காளோ அதுதான் நடந்தது" என்பார். அதோடு தகராறு முடிந்துவிடும். அவளுக்கு அதில் கர்வம் உண்டு. நீதிபதி அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வாள், ஆனால் காது மடல் சிவந்துவிடும்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்வாள் என்று ஊர் ஒரு காலத்தில் எதிர்பார்த்தது, அதுவும் கசாப்புக் கடைக்காரர் லீலண்ட் பிராண்ட்வோல்டை.

லீலண்டை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஆறடி மனிதர், கதவு அகலம். மெயின் தெருவில் கடை. எங்கள் லூத்தரன் சபையில் இலையுதிர்கால விருந்துக்கு இருநூறு பேருக்கு மாமிச உருண்டை செய்கிற பொறுப்பு அவருடையது. கிழவிகளிடம் ஈரலை நீட்டி, "இது உங்க வீட்டுக்காரரோட இதயத்தை விட மிருதுவா இருக்கும்" என்பார், அவர்கள் சிரித்துக்கொண்டே அடிக்கப் போவார்கள். தாயாருடன் கடைக்கு மேல்மாடியில் வாழ்ந்தார்.

வெர்னா சனிக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு அந்தக் கடைக்குப் போவாள்.

"வாங்க கோர்ட்டம்மா. இந்த வாரம் யாரை உள்ள தள்ளுனீங்க?"

"நான் யாரையும் தள்ளல. எழுதுறேன், அவ்வளவுதான்."

"என் கத்தியும் அப்படித்தான் சொல்லுது. நான் வெட்டல, லீலண்ட்தான் வெட்டுறான்னு."

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். சூப்புக்கு நல்ல எலும்பாக அவளுக்கென்று எடுத்து வைத்திருப்பார். அவளும் ஒரு வசந்தத்தில் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்டு இனிப்பு அடை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாதிரியாரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொன்னாள். வெர்னா மறுக்கவில்லை. அந்த வருஷம் அவள் புதுக் கோட்டு ஒன்று வாங்கினாள் என்று என் அம்மாவுக்கு ஞாபகம்.

அது 1955. அந்தக் கோடையில், எங்கள் ஊருக்கு எண்பது மைல் தள்ளி ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். கொன்றவன் அகப்படவில்லை. அம்மாக்கள் பிள்ளைகளை வாசலில் விடவே பயந்தார்கள். மாநிலத்தில் அப்போதுதான் ஒரு சட்டம் வந்திருந்தது. பாலியல் மனநோயாளி என்று இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டால் போதும், வழக்கு விசாரணை இல்லாமலேயே ஓர் ஆளை மனநோய் மருத்துவமனையில் அடைத்துவிடலாம், குணமாகும்வரை. குணமாவது என்றால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை. மாவட்ட அரசு வக்கீல் டுவேன் ஹாக்பார்த் அடுத்த தேர்தலுக்கு நிற்க வேண்டியவர். ஊர் ஏதாவது செய் என்று கேட்டது. குழந்தையைக் கொன்றவனைப் பிடிக்க வழி தெரியாததால், ஆண்களோடு பழகுகிற ஆண்களைப் பிடித்தார்கள். ஒருவனைப் பிடித்து மிரட்டி அடுத்த பெயர், அவனை மிரட்டி அடுத்த பெயர். நவம்பர் முதல் வாரத்தில் ஏழு பேர். அந்தச் சிறுமிக்கும் இவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது ஹாக்பார்த்துக்கும் தெரியும்.

அவர்களில் ஆறு பேர், போலீஸ்காரர்கள் எழுதிக் கொடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஏழாவது ஆள் போடவில்லை. கேள்வி பதிலாக முறைப்படி பதிவு செய்துவிடலாம் என்று ஹாக்பார்த் வெர்னாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் நோட்டையும் இரண்டு பேனாவையும் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்தின் நிலவறைப் பக்கம் உள்ள அறைக்குப் போனாள். உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் லீலண்ட் உட்கார்ந்திருந்தார். கடை ஏப்ரன் இன்னும் இடுப்பில் இருந்தது.

"மிஸ் டோலெஃப்சன் வெளியே போகட்டும்" என்றார் லீலண்ட். கோர்ட்டம்மா என்று சொல்லவில்லை. "இவங்க முன்னாடி நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"அவங்களை ஆளா நினைக்காதீங்க. அவங்க வெறும் பேனா" என்றார் ஹாக்பார்த்.

வெர்னா உட்கார்ந்தாள். எழுதினாள்.

சட்டப் புத்தகத்தில் ஆணும் ஆணும் உடலால் சேர்வதற்கு ஒரு பழைய வார்த்தை இருந்தது. வெர்னா அதைக் கேட்டதே இல்லை. அதற்குச் சுருக்கெழுத்துக் குறியும் கிடையாது. பேனாவை நிறுத்தி, எப்படி எழுதுவது என்று கேட்டாள். ஹாக்பார்த்துக்கு முகம் சிவந்தது. ஒரு பெண்ணிடம் எழுத்துக் கூட்டிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் லீலண்ட்தான் ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக, அவளுக்குச் சொன்னார். அவள் அதற்கு அங்கேயே ஒரு குறி உண்டாக்கிக்கொண்டாள், ஒரு கொக்கியும் ஒரு புள்ளியும்.

அடுத்த முக்கால் மணி நேரம் நடந்ததில் ஒரு பகுதிதான் இந்தக் கதைக்கு வேண்டும். லீலண்ட் தனக்கு வக்கீல் வேண்டும் என்று கேட்டார். ஹாக்பார்த் காதில் வாங்காத மாதிரி அடுத்த கேள்விக்குப் போனார். லீலண்ட் மறுபடி கேட்டார், இந்தத் தடவை எந்த வக்கீல் என்று பெயரும் சொல்லி.

"கூப்பிடலாம், லீலண்ட். வக்கீல் வந்தா பத்திரிகைக்காரனும் வருவான். உங்க அம்மாவுக்கு இப்ப கண்ணு நல்லா தெரியுதா? பேப்பர் படிப்பாங்களா?"

லீலண்ட் இடுப்பில் இருந்த ஏப்ரனின் நாடாவை அவிழ்த்தார்.

"கையெழுத்து போடுங்க. ஆறு மாசம் வைத்தியம். ஊருக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம். திரும்பி வந்து கடையைத் திறங்க."

வெர்னாவின் நோட்டில் இது முழுவதும் ஏறியது. வெளியே வந்ததும் ஹாக்பார்த் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். "அந்த நடுவுல பேசினது வேண்டாம். கேள்வி, பதில், அவ்வளவு போதும். மேல, தானாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம்னு ஒரு வரி போட்டுடுங்க."

வெர்னா மாடிக்குப் போய் டைப் செய்தாள். ஒன்றரைப் பக்கம் குறைந்தது. தானாக முன்வந்து என்ற வரியையும் போட்டாள். அது முதல் பொய். லீலண்ட் அதில் கையெழுத்துப் போட்டார்.

அவள் இதை என்னிடம் சொன்னபோது நான், "அவர் பெரிய அதிகாரி, நீங்க என்ன செஞ்சிருக்க முடியும்" என்றேன். அவள் அந்தச் சாக்கை ஏற்கவில்லை.

"பயந்து செஞ்சேன்னு நினைக்காத, டார்லா. பயமே இல்ல. அருவருப்பா இருந்துச்சு. லீலண்ட் சொன்னதையெல்லாம் என் கையால எழுத வெச்சாரேன்னு. வீட்டுக்குப் போய் அவர் கடையில வாங்கின ஈரல் சாசேஜை குப்பையில போட்டேன். கையைச் சோப்புப் போட்டு மூணு தடவை கழுவினேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அதுக்கும் கீழ இன்னொண்ணு இருந்துச்சு. நாலு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை போனேன். அந்த மனுஷன் ஒரு நாளும் என்னை அந்தக் கண்ணோட பார்த்ததே இல்லைன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. ஊருக்கு முன்னால என்னை முட்டாளாக்கிட்டாருன்னு கோபம். புதுக் கோட்டு வாங்கினேன் பாரு, அந்தக் கோபம்."

லீலண்டை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பும் உத்தரவு கால் மணி நேரத்தில் முடிந்தது. வாக்குமூலத்தை நீதிபதி வாசித்தார், டாக்டர்கள் இருவரும் தலையாட்டினார்கள். அடுத்த ஞாயிறு சபையின் நிலவறையில் காபி குடிக்கும்போது பெண்கள் அதைப் பற்றித்தான் பேசினார்கள். "அந்தக் கையாலதானே நமக்குக் கறி வெட்டிக் கொடுத்தான்" என்றாள் ஒருத்தி. "வெர்னா, நல்லவேளை நீ தப்பிச்ச" என்றாள் பாதிரியாரின் மனைவி. வெர்னா ஆமாம் என்று தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பையும் அவள் பின்னாளில் பொய்க் கணக்கில்தான் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் அவள் சேர்க்கவில்லை. அது அன்றைக்கு மனசார ஆட்டிய தலை என்றாள்.

இரண்டாவது பொய் அடுத்த வசந்தத்தில். லீலண்டின் அக்கா சிக்னி பக்கத்து ஊரிலிருந்து ஓர் இளம் வக்கீலை ஏற்பாடு செய்தாள். அவர் வந்து வெர்னாவின் மேஜை முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த அறையில வேற ஏதாவது பேச்சு நடந்துச்சா, மேடம்? வக்கீல் வேணும்னு கேட்டதா, பேரம் பேசினதா, ஏதாவது?"

நோட்டு அவளுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. கை நீட்டினால் எட்டும்.

"டைப் ஆனதுதான் நடந்தது" என்றாள் வெர்னா.

அவர் நம்பிவிட்டார். வெர்னா சொன்னால் எல்லோரும் நம்புவார்கள்.

ஆறு மாசம் இரண்டு வருஷமும் நாலு மாசமும் ஆனது. நடுவில் லீலண்டின் தாயார் இறந்துபோனார். அடக்கத்துக்கு அவரை விடவில்லை. 1958 மார்ச்சில் வெளியே வந்து ஒரே ஒரு நாள் ஊருக்கு வந்தார். கடையில் யாரோ தையல் மெஷின் விற்றுக்கொண்டிருந்தார்கள். வெர்னா நீதிமன்ற ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் நடந்துகொண்டிருந்தார், உடம்பு பாதியாகியிருந்தது, கோட்டு தொங்கியது. அவர் நிமிர்ந்து பார்த்துவிடப் போகிறாரே என்று அவள் திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கினாள். அந்த ஒதுங்கலிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்பாள். அதுவரை அவள் தன்னைத் தப்பு செய்தவளாக நினைக்கவில்லை. தப்பு செய்யாதவள் எதற்கு ஒதுங்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் அன்றைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது, பிறகு போகவில்லை.

அதற்கப்புறம் நீதிபதி அவளைப் புகழ்ந்தால் அவள் காது சிவக்காது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். நான் சேர்ந்த புதிதில் அதை அடக்கம் என்று நினைத்தேன்.

சுருக்கெழுத்து நோட்டுகளைப் பத்து வருஷம் வைத்திருந்துவிட்டு எரித்துவிட வேண்டும் என்பது விதி. 1965 கடைசியில் பெட்டிகளைக் கொதிகலன் அறைக்கு இறக்க என்னை அனுப்பினார்கள். வெர்னா பின்னாலேயே வந்து, ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு நோட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"விதிப்படி..." என்று இழுத்தேன்.

"விதி எனக்குத் தெரியும்" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மேஜைவிரிப்புகளுக்கு அடியில் அது இன்னும் பன்னிரண்டு வருஷம் கிடந்தது.

உலகம் அதற்குள் வேறாகிவிட்டது. எங்கள் ஊர் மருந்துக் கடையிலேயே கருத்தடை மாத்திரை விற்றார்கள். என் தங்கை கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒருவனோடு சிகாகோவில் வாழ்ந்தாள், அம்மா முதலில் அழுதாள், பிறகு கிறிஸ்துமஸுக்கு இருவருக்கும் சேர்த்து ஒரே போர்வை அனுப்பினாள். 1977-இல் மாநிலம் குற்றச் சட்டத்தை மாற்றி எழுதியது. ஆண்கள் இருவர் விரும்பிச் செய்வது இனிக் குற்றமில்லை, பாலியல் மனநோயாளி சட்டமும் ரத்து. எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது, சட்டப் புத்தகங்களிலிருந்து இன்ன இன்ன பக்கங்களை நீக்கவும் என்று. நான் பிளேடும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். வெர்னா முட்டை சாண்ட்விச்சைப் பிரித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் சுற்றறிக்கையை வாசித்தாள்.

"ஒரு வரியில எடுத்துட்டாங்க" என்றாள். பிறகு, எல்லாவற்றையும் அந்த மதிய இடைவேளையில் என்னிடம் சொன்னாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. சாட்சியம் வாசிப்பது போலவே சொன்னாள். முடித்ததும், "நெடுஞ்சாலையில எனக்கு கார் ஓட்ட வராது. நீ வர்றியா?" என்று கேட்டாள்.

லீலண்டின் முகவரிக்காக முதலில் சிக்னி வீட்டுக்குப் போனோம். சிக்னி வலைக்கதவைத் திறக்காமலே பேசினாள். "என் தம்பிகிட்ட இன்னும் என்ன எடுக்கணும் உனக்கு?" வெர்னா அங்கேயே நின்றாள். பத்து நிமிஷம் நின்ற பிறகு சிக்னி ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் நீட்டினாள்.

லீலண்ட் மினியாபொலிஸில் ஒரு மாடி வீட்டில் இருந்தார். ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. கத்தி பிடிக்கிற வேலை இல்லை, மனநோய் மருத்துவமனையில் கொடுத்த மின்சார வைத்தியத்துக்குப் பிறகு கை நடுக்கம் நிற்கவில்லை. அவரோடு வாரன் என்று ஒருவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பதினாறு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். வாரன்தான் கதவைத் திறந்தார். எங்களை உட்காரச் சொன்னார். காபி கொடுக்கவில்லை.

வெர்னா மன்னிப்பு என்று ஆரம்பித்தாள். லீலண்ட் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது என்ன நோட்டு?"

"அன்னைக்கு எழுதினது. டைப் பண்ணாம விட்டதும் இதுல இருக்கு."

"விட்டதா? என்ன விட்டீங்க?"

"நீங்க வக்கீல் வேணும்னு கேட்டது."

லீலண்ட் வாரனைப் பார்த்தார். வாரன் எழுந்து வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"நான் கேட்டேனா?"

"ரெண்டு தடவை."

"வாசிங்க."

வெர்னா வாசித்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய குறிகளைத் தடங்கலில்லாமல் வாசித்தாள், அவர் கேட்டது, ஹாக்பார்த் சொன்னது, தாயாரின் கண் பற்றிய பேச்சு, எல்லாம். அந்தக் கொக்கியும் புள்ளியும் வந்த இடத்தில் மட்டும் குரல் நின்றது, பிறகு அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னாள். லீலண்ட் மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தாள்.

"கரண்ட் வெச்சதுல அந்த வருஷம் பாதி எனக்கு ஞாபகமே இல்ல" என்றார் லீலண்ட். "காகிதத்துல தானாக முன்வந்துன்னு இருந்துச்சு. நம்பிட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம, கறி துண்டு மாதிரி மேஜையில கிடந்துட்டேன்னு. பிடிபட்டது வெக்கம் இல்ல எனக்கு. ஆறடி ஆம்பள வாயைத் திறக்கலையேன்னு, அதுதான் இத்தனை வருஷமும் வெக்கம். இவன்கிட்ட கேளுங்க, தூக்கத்துல எழுந்து உட்கார்ந்து அதைத்தான் சொல்லுவேன்."

வாரனின் கை லீலண்டின் தோளில் இருந்தது.

"அது உங்க வீட்டுல இருந்துச்சு" என்றார் லீலண்ட். "எங்க வெச்சிருந்தீங்க?"

"மேஜைவிரிப்புக்கு அடியில."

"மேஜைவிரிப்பு" என்றார் அவர். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, சிரிப்பில்லை. "எங்கம்மா சாகும்போது, பையன் தானா ஒப்புக்கிட்டான்னு நினைச்சுக்கிட்டே செத்தாங்க. அப்ப எந்த விரிப்பு போட்டிருந்தீங்க மேல?"

அப்போது அது நீதிமன்ற அலமாரியில் இருந்தது என்று வெர்னா திருத்தவில்லை, முழங்கால் மேல் கையை வைத்துக் குனிந்திருந்தாள். டைப் செய்து கொண்டுவந்திருந்த முழுப் பதிவை மேஜையில் வைத்தாள். லீலண்ட் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதை வெச்சுட்டுப் போங்க. என்னை மன்னிச்சேன்னு சொல்ல வைக்காதீங்க. அது என்கிட்ட இல்ல."

"கேக்க மாட்டேன்" என்றாள் வெர்னா.

திரும்பி வரும் வழி இருநூறு மைல். ஊர் எல்லையில், "நான் அவரைப் பத்திப் பொய் சொன்னேன், அவ்வளவுதான்னு நினைச்சிருந்தேன். அவரையே அவர் நம்ப முடியாம ஆக்கியிருக்கேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை அவள் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள், மற்றவர்கள் நிற்கிற இடத்தில். கையில், இரண்டு பொய்யையும் தேதியோடு எழுதி, சத்தியம் செய்து கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம். லீலண்டின் பழைய வழக்குக் கட்டில் சேர்க்க வேண்டும் என்றாள். நான் முத்திரை குத்தினேன். மதியத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நீதிபதி அவளை அறைக்குக் கூப்பிட்டார். வெளியே வரும்போது அவளுக்கு வேலை இல்லை. ஓய்வு என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பழைய வழக்குகளில் வக்கீல்கள் வந்து, அவள் எழுதிய பதிவு செல்லாது என்று மனுப் போட்டார்கள். மனு தள்ளுபடியானது, ஆனாலும் வெர்னா எழுதினால் நடந்தது என்று அதன் பிறகு யாரும் சொல்லவில்லை.

ஹாக்பார்த் அப்போது சபையில் மூப்பர். நீதிமன்றப் படிக்கட்டில் அவளை எதிர்கொண்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"வெர்னா, அந்தக் காலம் வேற. எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம்."

"நானும்தான் நினைச்சேன் சார். ஆனா அவர் கேட்டது வக்கீலை. அது அந்தக் காலத்துலயும் இருந்துச்சே."

அவர் அடுத்த வாரத்திலிருந்து சபையில் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. இன்னும் பலரும் கொடுக்கவில்லை. அவள் தன் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தாள். பின்வரிசைக்கு மாறிவிடுங்களேன், சங்கடம் குறையும் என்று நான் சொன்னேன். "குறையணும்னு யார் சொன்னது" என்றாள்.

1979 ஜூலையில் லீலண்ட் நீதிமன்றத்துக்கு வந்தார், வாரனோடு. வழக்குக் கட்டைக் கேட்டார். நின்றபடியே வெர்னாவின் பிரமாணப் பத்திரத்தை வாசித்தார். அதற்குச் சான்றிட்ட நகல் இரண்டு கேட்டார், ஒன்று தனக்கு, ஒன்று சிக்னிக்கு. முத்திரை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் காரைத் திருப்பியதை நான் பார்த்தேன்.

மாலை வெர்னா வீட்டுக்குப் போனேன். கொல்லைப்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். எந்தச் சட்டை போட்டிருந்தார், கை எப்படி நடுங்கியது என்பதெல்லாம் கேட்டாள். கடைசியில் கேட்டாள்: "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் சொல்ல முடியவில்லை.

"இல்ல" என்றேன்.

அவள் தலையசைத்தாள். முகம் கழுத்துவரை சிவந்தது, பிறகு அந்தச் சிவப்பு மெல்ல வடிந்தது. நகர்ந்து எனக்கு இடம் கொடுத்து, பாதிப் பட்டாணியை என் மடியில் கொட்டினாள்.